வரப்போகும் இழப்பைத் தொழிலாளர்களிடம் முன்கூட்டியே சொல்லலாமா?

கேள்வி: கருமணல்

கோவையில் எங்கள் குடும்பம் நடத்திவரும் வார்ப்படத் தொழிற்சாலையை அப்பாவுக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். மொத்தம் 64 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மற்றவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். பம்ப்செட்டுகளுக்கான உறைகளும், தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரங்களான இம்பெல்லர்களுமே எங்கள் முக்கிய வேலை. எங்கள் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கை வாங்கிவந்த ஒரு வாடிக்கையாளர், அடுத்த காலாண்டிலிருந்து ஆர்டரைப் பாதியாகக் குறைக்கப் போவதாகச் சென்ற வாரம் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டார். வேறு இரண்டு இடங்களில் பேசிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் இரண்டாம் ஷிப்டை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தச் செய்தி எனக்கும் மேலாளருக்கும் கணக்கருக்கும் மட்டுமே தெரியும். "இன்றைக்குச் சொன்னால் அடுத்த திங்கட்கிழமை, மணலில் அச்சுப் பிடிக்கும் மோல்டிங் ஆட்களில் நான்கு பேர் பக்கத்துப் பட்டறையில் நிற்பார்கள், கையில் இருக்கிற ஆர்டரையும் முடித்துக் கொடுக்க முடியாது" என்பது மேலாளரின் வாதம். 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர் என்பதால் அதை எளிதாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. அப்பாவும் இப்படிப்பட்டவர்தான். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வாரக் கூலிக்கு ரொக்கம் புரட்ட அவர் எங்கெல்லாம் அலைந்தார் என்பது வீட்டில் இருந்த எங்களுக்கே பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. "பெரியவர் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களைக் காப்பாற்றினார்" என்று பழைய ஆட்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆகவே, சொல்லாமல் இருப்பதும் ஒருவகையில் நல்ல தலைமைதானே என்ற எண்ணம் எனக்குள் இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை அது கலைந்தது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்து எங்களிடம் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் மோல்டர் ஒருவர், மனைவியையும் குழந்தையையும் அழைத்துவரப் போவதாகவும், வாடகை வீட்டு முன்பணத்துக்கு 30,000 ரூபாய் கடனாக வேண்டும் என்றும் கேட்டார். "பார்க்கலாம், கொடுத்துவிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை. பணத்தைக் கொடுக்கவும் போகிறேன். ஆனால் அவர் வேலை செய்வது இரண்டாம் ஷிப்டில். அவர் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டுப் போனதை நினைத்தால் அன்றிரவிலிருந்து எனக்குச் சரியாக உறக்கம் இல்லை.

இன்னும் உறுதியாகாத ஒரு கெட்ட செய்தியை ஊழியர்களிடம் எப்போது, எவ்வளவு, எப்படிச் சொல்ல வேண்டும்? தத்துவமாக அல்லாமல், நிறுவனம் நடத்தியவர்களும் அதில் வேலை செய்தவர்களும் தாங்கள் கண்டதைக் கொண்டு பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: பேரேடு

நான் தணிக்கைத் தொழிலில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். உங்கள் நிலைக்குச் சற்றும் பொருந்தாததுபோல் தோன்றும் ஒரு பெரிய நிறுவனத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009 ஜனவரி 7ஆம் தேதி, ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முந்தைய செப்டம்பர் 30ஆம் தேதிய இருப்புநிலைக் குறிப்பில் 5,361 கோடி ரூபாய் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அந்தக் கடிதம் ஒப்புக்கொண்டது. அந்தக் காலாண்டின் செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மையில் 61 கோடி. கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் அவர் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அது வெறும் கணக்குப் பிசகு அல்ல என்பது அந்தத் தீர்ப்பிலேயே தெளிவாகிவிட்டது. எனினும், அந்தக் கடிதத்தில் ஓர் இடம் எனக்கு மறப்பதே இல்லை. உண்மையான லாபத்துக்கும் புத்தகத்தில் காட்டிய லாபத்துக்கும் தொடக்கத்தில் இருந்தது ஒரு சிறிய இடைவெளிதான் என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல அது கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிட்டது என்றும் அவர் எழுதியிருந்தார். புலிமேல் ஏறியவன் கடிபடாமல் இறங்க வழி தெரியாமல் இருப்பதுபோல என்று தம் நிலையை வருணித்தார். நம் ஊரில் இதைப் புலிவாலைப் பிடித்த கதை என்போம்.

பலரும் இந்தக் கதையில் 5,040 கோடி என்ற எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கவனம் அந்தச் "சிறிய இடைவெளி" மீதுதான். ஏதோ ஒரு காலாண்டில், ஏதோ ஓர் அறையில், "இந்த முறை எதிர்பார்த்த லாபம் வரவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போகக்கூடிய ஒரு தருணம் நிச்சயம் இருந்திருக்கும். பங்கு விலை ஒரு வாரம் விழுந்திருக்கும், பத்திரிகைகள் இரண்டு நாள் திட்டியிருக்கும், அத்தோடு முடிந்திருக்கும். அதைத் தவிர்த்ததனால், அடுத்த காலாண்டில் முந்தைய பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 2008 செப்டம்பரில், அதாவது கடிதத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது அந்த நிறுவனத்துக்கே வழங்கப்பட்டது. பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பது வேறு கதை. பேர்பெற்ற பேராசிரியர்கள் அதன் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். உலகெங்கும் கிளைகள் கொண்ட தணிக்கை நிறுவனம் கையெழுத்திட்டிருந்தது. வெளியே தெரிகிற வெளிப்படைத்தன்மைக்கும் உள்ளே இருக்கிற நேர்மைக்கும் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அன்று தலைகுனிந்து கற்றுக்கொண்டோம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் தணிக்கையாளர்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும், மோசடியைக் கண்டால் அவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஊழியர்கள் அச்சமின்றிப் புகார் சொல்ல ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் வந்த விதிகளுக்குப் பின்னால் இந்த அவமானத்துக்கும் பங்கு உண்டு.

கடிதத்துக்குப் பின் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு அரசு புதியவர்களை நியமித்தது. சென்னையைச் சேர்ந்த தணிக்கையாளர் டி.என். மனோகரன் அவர்களில் ஒருவர். கணக்கு எதையும் நம்ப முடியாத நிறுவனத்தை, அதன் வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் சிதறிவிடாமல் பிடித்து வைத்து, ஏப்ரலிலேயே வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்க அவர்களால் முடிந்தது. உண்மை முழுவதும் தெரிந்த பிறகும் பெரும்பாலானவர்கள் ஓடிவிடவில்லை. உங்கள் மேலாளர் பயப்படும் இடத்தில் இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கணக்கில் இன்று எந்தப் பொய்யும் இல்லை. ஆனால் "பார்க்கலாம், கொடுத்துவிடலாம்" என்று அந்த மோல்டரிடம் சொன்னீர்களே, அதுதான் உங்கள் முதல் சிறிய இடைவெளி. அவர் வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்குள் அதை அடைத்துவிடுங்கள்.


பதில் 2: சாயந்தர சங்கு

நான் முதலாளி அல்ல. நூற்பாலையில் 19 ஆண்டுகள் வேலை செய்தவன். எந்த ஆலை என்று சொல்ல விரும்பவில்லை.

எங்கள் ஆலையில் ஒவ்வோர் ஆயுத பூஜையன்றும் முதலாளி ஒலிபெருக்கியில் பேசுவார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். ஆலையின் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பார். ஒருநாள் என்னோடு ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் வேலை செய்த ஒரு அக்கா, மகள் திருமணத்துக்காக பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுக்க விண்ணப்பித்தார். கணக்கைத் திறந்து பார்த்தால் கடந்த 14 மாதங்களாக ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. எங்கள் சம்பளச் சீட்டில் மாதம்தோறும் 12 சதவீதம் பிடித்தம் காட்டப்பட்டிருந்தது. அந்த அக்கா சம்பளச் சீட்டுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தவர். 14 சீட்டுகளையும் கேண்டீன் மேசையில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் அன்று மாலை ஷிப்ட் முடிந்து போனவர்களில் ஏழெட்டுப் பேர் மறுநாள் வரவில்லை.

ஆலை நட்டத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பஞ்சு லாரி வருவது குறைந்திருந்தது; ஓவர்டைம் நின்றிருந்தது; கணக்கர் சனிக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும் என்பதும், தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "மூன்று மாதம் ஆலை சிரமத்தில் இருக்கிறது, சம்பளம் பத்து நாள் தள்ளி வரும்" என்று சொல்லியிருந்தால், என்னைப் போன்றவர்கள் இருந்திருப்போம். எங்கள் பணத்தை எங்களிடம் சொல்லாமல் எடுத்துப் புரட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே அம்மா, உங்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். உங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். ஃபர்னஸ் பக்கம் உருக்குவதற்கு வரும் பிக் அயர்ன் இரும்புக் கட்டிக் குவியலின் உயரம் குறைந்தால் மோல்டருக்குக் கணக்கு தெரியாதா? அந்த வாடிக்கையாளரின் லாரி ஓட்டுநர் கேட் வாட்ச்மேனிடம் பேசாமலா இருப்பார்? நீங்கள் சொல்லாவிட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும். வதந்தி எப்போதும் உண்மையைவிட ஒரு படி மோசமாகவே இருக்கும். இன்னொன்று, வடமாநிலத்து ஆட்களிடம் சூப்பர்வைசரையோ ஆட்களைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரையோ சொல்லவிட்டுவிடாதீர்கள். தமிழில் பத்து நிமிடம் பேசியதை அவர்கள் இந்தியில் ஒரு வரியாக ஆக்கிவிடுவார்கள். அந்த ஒரு வரி பெரும்பாலும் "வேலை போகப் போகிறது" என்பதாக இருக்கும்.


பதில் 3: நிதானம்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் சற்று மாறுபட விரும்புகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் பல ஆண்டுகளாக மனிதவளப் பொறுப்பில் இருக்கிறேன். தெரிந்ததையெல்லாம் எல்லோரிடமும் உடனே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று எடுத்துக்கொண்டால் எங்களைப் போன்ற நிறுவனங்களில் சிறைக்குக்கூடப் போக நேரிடும். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியைப் பங்குச் சந்தைக்கு அறிவிப்பதற்கு முன்னால் ஊழியர் கூட்டத்தில் சொல்வது, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உட்தகவல் விதிகளின்படி குற்றம். உங்கள் தொழிற்சாலைக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், அதற்கு அடியில் இருக்கிற நியாயம் பொருந்தும். சில செய்திகள் உங்களுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. உங்கள் வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைக்கக் காரணம் அவரது நிறுவனத்துக்குள் நடக்கும் ஏதோ ஒன்றாக இருக்கலாம். அவரது பெயரைச் சொல்லி அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆர்டர் குறைகிறது என்ற உண்மை உங்களுடையது; அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

என் அனுபவத்தில், எதையும் மறைக்கக்கூடாது என்ற கொள்கையோடு ஒரு பிரிவுத் தலைவர் இருந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும், கைநழுவக்கூடிய ஒப்பந்தங்கள், தலைமையகத்தில் பேசப்படும் ஆட்குறைப்புச் சாத்தியங்கள், தமக்கு வரும் கெட்ட கனவுகள் என்று எல்லாவற்றையும் கொட்டுவார். அவர் சொன்னவற்றில் முக்கால்வாசி நடக்கவே இல்லை. கேட்டவர்களில் பலர் வீட்டுக்கடன் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு பெண் மகப்பேறு விடுப்பு கேட்கவே அஞ்சினார். தம் பாரத்தை இறக்கி வைப்பதையும் உண்மையைச் சொல்வதையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அவர் மட்டும் இலேசாக எழுந்து போவார்.

எனவே உறுதியானதையும், உறுதியாகாததையும், நீங்கள் முடிவெடுக்கப் போகிற தேதியையும் பிரித்துச் சொல்லுங்கள். உறுதியாகாததை உறுதியாகாதது என்றே சொன்னால் அதில் தவறில்லை. ஆனால் அது எந்தத் தேதியில் உறுதியாகும் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அது வெறும் பயமுறுத்தல். தேதியைச் சொன்னபின் அந்தத் தேதியில் ஒன்றும் புதிதாக இல்லாவிட்டாலும் வந்து நின்று "இன்னும் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டும். பலர் சறுக்குவது அங்கேதான். சட்டம் கேட்பது மிகக் குறைவு: ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவருக்கு அந்த ஒரு மாதம் எதற்குக் காணும்?

வங்கியை மறந்துவிடாதீர்கள். ஆட்களிடம் சொல்வதற்கு முந்தைய நாளாவது கிளை மேலாளரை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஓ.டி. (கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) வரம்பு கொடுத்தவருக்கு இந்தச் செய்தி டீக்கடை வழியாகப் போய்ச் சேரக்கூடாது.


பதில் 4: பத்து ஒன்பது எட்டு

நிதானம் அவர்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான்; உங்கள் அப்பாவின் மௌனத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சேர்க்க விரும்புகிறேன். நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விண்வெளித் துறையை வெளியிலிருந்து ஆவலோடு பார்த்து வருபவன்.

1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ஒரு வால்வு கோளாறால் 317 வினாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னதையும், வல்லுநர்களிடம் கேட்டபின் அதை மீறி ஏவும் முடிவைத் தாமே எடுத்ததையும் பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அன்று செய்தியாளர்களைச் சந்தித்தவர் அவரல்ல. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் அவரைத் தம்மோடு அழைத்துச் சென்று, தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றுப் பேசினார். 1980 ஜூலை 18ஆம் தேதி அடுத்த முயற்சியில் ரோகிணி செயற்கைக்கோள் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் நின்றபோது, செய்தியாளர் சந்திப்பை நீங்கள் நடத்துங்கள் என்று கலாமிடம் விட்டுவிட்டார். கலாம் இதைச் சொல்லிச் சொல்லி, கேட்காதவர்களே இல்லை எனலாம். ஆனால் இதை எடுத்துச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தவான் பழியை மறைத்துத் தம் தோளில் போட்டுக்கொண்டாரே தவிர, தோல்வியை மறைக்கவில்லை. ராக்கெட் விழுந்துவிட்டது என்பதை ஊரறியச் சொன்னார். உங்கள் அப்பா 2016இல் செய்தது இந்த வகை. அலைச்சலைத்தான் அவர் மறைத்தார். தாள்கள் செல்லாமல் போனது ஊருக்கே தெரிந்த செய்தி. நீங்கள் இப்போது மறைத்து வைத்திருப்பது அலைச்சலை அல்ல, செய்தியை.

அதே இஸ்ரோவில் இதற்கு மாறானதையும் பார்த்தோம். 2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலையில் நிலவில் இறங்கிக்கொண்டிருந்த சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் கலத்துடன், 2.1 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்தது என்று உடனே அறிவித்தார்கள். அது நேர்மையான அறிவிப்பு. அதன்பின் வந்த வாரங்களில், தொடர்பை மீட்க முயல்கிறோம் என்பதும், திட்டம் 98 சதவீதம் வெற்றி என்பதும்தான் காதில் விழுந்தன. கலம் வேகமாக மோதி இறங்கியது என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதில் வர நவம்பர் ஆயிற்று. நாசா வெளியிட்ட படங்களை வைத்துக்கொண்டு சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் தம் கணினியில் இரவுகளில் தேடி, உடைந்த துண்டு கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தார். டிசம்பர் தொடக்கத்தில் நாசா அதை உறுதி செய்தது. நம் விஞ்ஞானிகளின் உழைப்பில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த 98 என்ற எண், அது யாரைத் தேற்றச் சொல்லப்பட்டதோ அவர்களையே சங்கடப்படுத்தியது.

2023 ஜூலையில், சந்திரயான்-3 புறப்படுவதை ஒட்டி, அன்றைய தலைவர் சோமநாத் முந்தைய தோல்வியைப் பகுதி பகுதியாக விளக்கினார். ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திரும்ப வேண்டிய வேகத்தில் கலத்தால் திரும்ப முடியவில்லை. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இந்த முறை அதை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரித்திருக்கிறோம், எவையெல்லாம் பழுதாகலாம் என்பதிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கியிருக்கிறோம் என்றார். ஆகஸ்ட் 23ஆம் தேதி கலம் இறங்கியது. ஏவுவதற்கு முன் இப்படிப் பேச ஒரு துணிவு வேண்டும். மறுபடியும் விழுந்திருந்தால் அந்தப் பேச்சையே எடுத்துக் கேலி செய்திருப்பார்கள்.

நீங்கள் பேசும்போது 98 சதவீதம் போன்ற எண் எதையும் கையில் எடுக்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை டன் உருக்குகிறீர்கள், எத்தனை டன்னாகக் குறையும் என்று சொல்லுங்கள். மோல்டருக்கு டன் புரியும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: கருமணல்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதலில் அந்த மோல்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். 30,000 ரூபாய் இப்போது வேண்டாம், பூஜைக்கு ஊருக்குப் போய்வந்த பிறகு குடும்பத்தை அழைத்துவருவதைப் பற்றி யோசிக்கிறேன் என்றார். பிறகு அவராகவே, சனிக்கிழமை நான் பேசுவதை ஒடியாவில் தாமே சொல்வதாகச் சொன்னார். வியாழக்கிழமை வங்கிக்குப் போய்விட்டு வந்தேன். கிளை மேலாளர் மகிழவில்லை, ஆனால் கையெழுத்தான கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக் கணக்கை இனி 7ஆம் தேதிக்குள் கொடுங்கள் என்றார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி டீ நேரத்தில், இரண்டு ஷிப்ட் ஆட்களையும் மோல்டிங் தளத்திலேயே கூட்டினேன். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லவில்லை. இப்போது மாதம் 110 டன் உருக்குகிறோம், புதிய ஆர்டர் வராவிட்டால் அது 88 டன் ஆகும், இரண்டாம் ஷிப்டைப் பற்றி அடுத்த மாதம் 20ஆம் தேதி முடிவு சொல்கிறேன், அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டீஸ் போர்டில் அந்த வார டன் கணக்கை நானே எழுதி ஒட்டுவேன் என்றேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதுகளையும் அதில் ஒட்டினேன். சாயந்தர சங்கு அவர்களின் கதையைப் படித்திருக்காவிட்டால் இது எனக்குத் தோன்றியிருக்காது. ஒடியாவில் சொல்லி முடிக்க நான் எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. இந்திக்காரர்களுக்கு இன்னும் சிறிது.

இதுவரை போனவர்கள் இரண்டு பேர். மேலாளர் நான்கு என்றார். பேச்சு வரும்போதெல்லாம் "இன்னும் மாதம் முடியவில்லை" என்கிறார். ஒரு சிறிய ஆர்டர் வந்திருக்கிறது, மாதம் 6 டன். போதாது.

கூட்டம் கலையும் நேரத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருக்கும் பெரியவர், என்னைச் சிறுமியாகப் பார்த்தவர், டீ டம்ளரைக் கீழே வைக்காமலேயே கேட்டார்: "ஏனுங் அம்மிணி, அந்தப் புதுக் காருக்கு மாசம் எவ்வளவு கட்டறோம்?"

எட்டு மாதங்களுக்கு முன் நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கார் அது. ஆர்டரையும் டன்னையும் சொல்ல மூன்று நாள் தயார் செய்திருந்த எனக்கு, அந்தக் காரின் நினைவே வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. 38,400 ரூபாய் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார். "கட்டறீங்க" என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அடுத்த சனிக்கிழமைத் தாளில் டன் கணக்குக்குக் கீழே அந்தத் தொகையையும் எழுதினேன். காரை விற்பதற்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். விலை படிந்ததும் அதையும் எழுதுவேன்.